நோவு தெரியும் முன்னே

"நோவு வந்தா பாத்துக்கலாம்டி" என்பார், குத்தாலத்தில் நடவுக்குப் போகும் என் சித்தி. நோவு தெரியும் முன்னே பார்ப்பதுதான் கருப்பைவாய்ப் பரிசோதனை. வினிகரில் உள்ள அதே அசெட்டிக் அமிலத்தை நீர்க்கக் கலந்து தடவி, ஒரு நிமிடம் கழித்து வெளுப்பு தெரிகிறதா என்று நர்ஸ் வெறுங்கண்ணால் பார்ப்பார். வெளுத்தாலே புற்றுநோய் இல்லை. அதைக் கால்போஸ்கோபியும் சதைப் பரிசோதனையும்தான் சொல்லும்.

திண்டுக்கல் மாவட்டத்தில் 2000இல் தொடங்கிய ஆய்வில் 49,311 பெண்களை அழைத்தார்கள். 31,343 பேர் வந்தார்கள். அழைத்த ஊர்களில் இந்நோய்ச் சாவு 35 விழுக்காடு குறைந்ததாக 2007இல் லான்செட் இதழ் வெளியிட்டது. வராதவர்களுக்குக் கூச்சம் என்று எழுதிவிடுவது எளிது. அன்றைய கூலி போய்விடும் என்பதை யார் எழுதுவது? ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வைத்திருந்த 30,958 பெண்களுக்கோ அந்த அழைப்பே போகவில்லை.