வாசல் சுவரில் ஒரு கரும்பலகை

எங்கள் பள்ளிக்கூடத்திலேயே பெரிய கரும்பலகை தெருவைப் பார்த்து இருந்தது. இரும்பு கேட்டுக்கு வலப்புறம் சுற்றுச்சுவரில் ஆள் உயரத்துக்குச் சிமென்ட் பூசி, கறுப்படித்து வைத்திருந்தார்கள். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் ஒரு தடவை, தசரா ரஜா முடிந்து வந்ததும் ஒரு தடவை, நாலாம் வகுப்புப் பிள்ளைகள் ஏரிக்கரையில் ஊமத்தை இலை பறித்து வந்து, அடுப்புக்கரியோடு இடித்து அதில் தேய்ப்போம். காயும்போது பச்சையும் புகையும் கலந்து ஒரு வாசனை வரும். பள்ளிக்கூடம் திறக்கிற நாள் என்றாலே எனக்கு இன்றைக்கும் அந்த வாசனைதான்.

1979இல் அங்கே ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தேன். பெங்களூரு அல்சூரில், சோமேஸ்வரர் கோயிலை ஒட்டிய சந்து ஒன்றில் எங்கள் வட்டாரம். பொதுவாக ஒரு முற்றம், சுற்றி வரிசையாக ஓட்டு வீடுகள், நடுவில் ஒரு குழாய், இதைத்தான் அந்த ஊரில் வட்டாரம் என்போம். ஒன்பது வீட்டில் ஆறு தமிழ், இரண்டு தெலுங்கு, ஒன்று கன்னடம். அப்பாவுக்கு எம்.இ.ஜி.யில் தச்சு வேலை. மதராஸ் சாப்பர்ஸ் படையின் அந்த முகாமிலிருந்து காலையில் பேண்டு சத்தம் ஏரியைத் தாண்டி வரும். அது கேட்டால் தலை பின்னி முடித்திருக்க வேண்டும்.

தண்டு என்று பெரியவர்கள் சொல்லும் கன்டோன்மென்ட்டில் தமிழ் வேர் பிடித்ததே ராணுவத்தால்தான். 1809இல் வெள்ளைக்காரர்கள் இங்கே படையை நிறுத்தியபோது, சென்னைப் படையோடு வந்த சிப்பாய்கள், அவர்களுக்குத் துணி வெளுக்க, கல் உடைக்க, கடை வைக்க வந்தவர்கள் என்று வட ஆர்க்காட்டு ஜனம் இங்கேயே தங்கிவிட்டது. 1949 வரை தண்டு வேறு, பழைய ஊரான பேட்டை வேறு. இரண்டையும் சேர்த்து ஒரே மாநகராட்சி ஆக்கியது அந்த வருஷம்தான். இப்போது உயர் நீதிமன்றம் இருக்கும் அட்டாரா கச்சேரியைக் கட்டிய ஒப்பந்தக்காரர் ஆற்காடு நாராயணசாமி முதலியார் 1873இலேயே இந்தப் பகுதிப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கிவிட்டார். ஆர்.பி.ஏ.என்.எம்.எஸ். என்று இன்றும் அவர் பெயரில் நடக்கிறது. எங்கள் பள்ளி அந்த மாதிரிப் பெரிய பேர் இல்லாதது. நாலு வகுப்பு, மூன்று டீச்சர்கள், ஒரு ஆயா, ஒரு புங்கமரம்.

மூன்று டீச்சர்களில் தலைமையாசிரியையைப் பெரிய டீச்சர் என்போம். காலை மணி அடித்து, பிரார்த்தனை முடிந்து, பிள்ளைகள் உள்ளே போனதும் அவர் சாக்பீஸோடு வெளியே வருவார். குண்டு குண்டாக, ஒரு எழுத்து இன்னொன்றைத் தொடாமல் எழுதுவார். தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். பால்காரர் சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டுப் படித்துவிட்டுப் போவார், அவருக்குப் பிள்ளைகளே இல்லை என்றாலும்.

என்னவெல்லாம் எழுதியிருக்கும்? சனிக்கிழமை காலைப் பள்ளி. திங்கட்கிழமை தடுப்பூசி போடுவார்கள், பிள்ளைகளைச் சாப்பிட வைத்து அனுப்பவும். ஆகஸ்ட் 15 கொடியேற்றம், வெள்ளை உடுப்பு. நவம்பர் 14 குழந்தைகள் தினம், கப்பன் பார்க் பால பவனுக்கு அழைத்துப் போகிறோம், தலைக்கு ஒன்றரை ரூபாய். அந்த ஒன்றரை ரூபாய் எங்கள் வீட்டில் ஒரு வாரப் பேச்சு. ஆனாலும் புட்டாணி எக்ஸ்பிரஸ் என்ற அந்தக் குட்டி ரயிலில் ஏறாமல் நாலாம் வகுப்பைத் தாண்டிய பிள்ளை எங்கள் வட்டாரத்தில் இல்லை. இல்லாத வீட்டுக்கு இருக்கிற வீடு போட்டுவிடும். ஏப்ரல் 10ஆம் தேதி வந்தால் ரிசல்ட். அன்றைக்குப் பலகை முழுக்கப் பெயர்தான். அப்போதெல்லாம் சோமேஸ்வரர் கோயில் பூப்பல்லக்குத் திருவிழாவுக்கு ஊர் தயாராகிக்கொண்டிருக்கும். பாஸான சந்தோஷமும் பல்லக்கு பார்க்கிற சந்தோஷமும் எனக்குள் ஒன்றாகவே கலந்துகிடக்கிறது.

ஆனால் அம்மாக்களுக்கு இதில் எல்லாவற்றையும்விட முக்கியமான செய்தி ஒன்று உண்டு: 'இன்று உப்பிட்டு இல்லை.' அமெரிக்காவிலிருந்து கேர் அமைப்பு அனுப்பிய கோதுமை ரவையில், அதே அமைப்பின் டின் எண்ணெயில், ஆயா பெரிய அண்டாவில் கிண்டுகிற உப்புமா அது. கர்நாடகத்தில் என் வயதுக்காரர்கள் யாரிடம் கேட்டாலும் கேர் உப்பிட்டு என்றதும் முகம் மாறும். மூட்டை வரவில்லை என்றால் அடுப்பு எரியாது. பெரிய டீச்சர் அதை மட்டும் மணி அடிப்பதற்கு முன்பே எழுதிவிடுவார், தாய்மார்கள் பிள்ளையை விட்டுவிட்டுத் திரும்புவதற்குள் கண்ணில் பட வேண்டுமென்று. 2000இல் இதே பெங்களூரில் அட்சய பாத்திரம் அமைப்பு 5 பள்ளிகளில் 1500 பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடத் தொடங்கியது என்று செய்தியில் கேட்டபோது எனக்கு அந்த அண்டாதான் நினைவுக்கு வந்தது.

எங்கள் வட்டாரத்தில் பலகையைப் படிக்கத் தெரிந்த பெண் ஒருத்தியும் இல்லை. ஆண்கள் விடியும்முன் வேலைக்குப் போய்விடுவார்கள். ஆகவே சாயந்தரம் பள்ளி விட்டு வரும்போது அதை மனப்பாடம் செய்துகொண்டு வந்து குழாயடியில் ஒப்பிப்பது என் வேலை. அம்மாவும் மற்றவர்களும் அந்த நேரத்தில் முற்றத்தில் உட்கார்ந்து ஊதுபத்தி உருட்டிக்கொண்டிருப்பார்கள். கரித்தூளும் பட்டைப்பொடியும் பிசைந்த மாவை ஒரு சிட்டிகை எடுத்து, மூங்கில் குச்சியை மணைமேல் வைத்து, உள்ளங்கையால் ஒரே ஓட்டம். ஆயிரம் குச்சிக்கு இவ்வளவு என்று கூலி. கை நிற்காது. "இன்னாடி எழுதிருக்கு?" என்று தலை தூக்காமலே அம்மா கேட்பாள். நான் சொல்வேன். தெலுங்கு வீட்டு அத்தைக்காக அம்மா அதைத் தெலுங்கில் சொல்வாள். அரை நிமிஷத்தில் ஒன்பது வீட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிடும்.

1982 ஆகஸ்டில் ஒரு நாள். நான் நாலாம் வகுப்பு. பெங்களூரில் ஆகஸ்ட் மாதம் மழை பெய்கிறதா இல்லையா என்று தெரியாமல் சாரல் விழுந்துகொண்டே இருக்கும். பலகையில் எழுத்து பாதி கரைந்திருந்தது. 'நாளை', அடுத்து ஒரு வெள்ளைக் கோடு, பிறகு 'மதியம் 2 மணிக்குப் பெற்றோர் கூட்டம், தாய்மார்கள் அவசியம் வரவும்.' நான் படித்ததைச் சொன்னேன். நாளை மதியம் இரண்டு மணி.

மறுநாள் இரண்டு மணிக்கு எங்கள் வட்டாரத்திலிருந்து ஏழு பேர் வந்தார்கள். தலை குளித்து, கனகாம்பரம் வைத்து, பெட்டியிலிருந்து எடுத்த புடவை கட்டி. அம்மாவின் இடுப்பில் ஆறு மாதத் தம்பி. ஜன்னல் வழியாகப் பார்த்ததுமே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது, ஏனென்றால் காலையில் டீச்சர் வகுப்பில் 'நாளைக்கு' என்று சொல்லியிருந்தார். கரைந்துபோனது 'மறுநாள்' என்ற வார்த்தை. அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்து நிற்கிறார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

பெரிய டீச்சர் வெளியே போனார். கூட்டம் நாளைக்கு என்று சொன்னதும் அம்மா என்னைத் தேடி ஜன்னலைப் பார்த்தாள். அதற்குள் டீச்சர், "வந்தது வந்துட்டீங்கம்மா, உள்ள வந்து குந்துங்க" என்றார். நாலாம் வகுப்பில் இடம் செய்யச் சொன்னார். நாங்கள் நெருங்கி உட்கார்ந்தோம். அம்மாக்கள் எங்களுக்குப் பின்னால், தரையில், சுவரோரமாக. டீச்சர் அலமாரியிலிருந்து சிலேட்டுகளை எடுத்து ஆளுக்கு ஒன்று கொடுத்தார். ஒவ்வொருவர் பெயரையும் கேட்டு, சிலேட்டின் மேல் பகுதியில் அதை எழுதி, "இதப் பார்த்துப் பார்த்துக் கீழ எழுதுங்க" என்றார். எங்களுக்கு ஏழாம் வாய்ப்பாடு.

நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அம்மா பெயரில் 'ஞ்' வரும். மற்ற எழுத்தெல்லாம் வந்துவிட்டது, அது வரவில்லை. சுழி போடுவாள், வளைப்பாள், எங்கே திரும்புவது என்று தெரியாமல் நின்றுவிடும். விரலால் அழிப்பாள். விரல் ரேகைக்குள் இருந்த ஊதுபத்திக் கரி சிலேட்டில் கறுப்புக்கு மேல் கறுப்பாக ஒட்டியது. மணி அடித்தபோதும் அவள் எழுந்திருக்கவில்லை. பெரிய டீச்சர் பக்கத்தில் குனிந்து, அம்மாவின் கையைப் பிடித்து ஒரு முறை, இன்னொரு முறை, அந்த எழுத்தை எழுத வைத்தார். அவர் கையிலும் கரி.

வீட்டுக்குப் போனால் அடி விழும் என்று பயந்திருந்தேன். அம்மா எதுவுமே சொல்லவில்லை. அன்று ராத்திரி மணைமேல் மிச்சமிருந்த மாவில் ஆள்காட்டி விரலால் 'ஞ்' எழுதிக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு சனிக்கிழமைகளில், காலைப் பள்ளி முடிந்ததும், பெரிய டீச்சர் ஒரு மணி நேரம் இருந்து தாய்மார்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். யாரும் உத்தரவு போடவில்லை, சம்பளமும் கிடையாது. ஏழு பேர் நாலு பேர் ஆனார்கள், தீபாவளி சமயத்தில் ஊதுபத்திக்கு ஆர்டர் கூடியதும் மூன்று பேர். அம்மா நிற்கவில்லை. பொங்கல் வரைக்கும் போனாள். பிள்ளையை விட வந்தவள் பலகை முன்னால் நின்று, உதடு அசைய, எழுத்துக்கூட்டி முடிக்க ஐந்து நிமிஷம் ஆகும். ஆனாலும் குழாயடியில் செய்தி சொல்லும் வேலை என் கையை விட்டுப் போனது. முதல் நாள் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

அந்த வருஷம்தான் பலகையின் நடுவில் ஒரு கோடு வந்தது. கோகாக் அறிக்கையை ஒட்டிப் பள்ளிகளில் கன்னடத்துக்கு முதலிடம் கேட்டு, நடிகர் ராஜ்குமார் முன்னால் நிற்க, ஊரே தெருவில் இறங்கிய வருஷம். எங்களுக்குப் புதிதாக ஒரு கன்னட மாஸ்டர் வந்தார். பலகையில் இடப்பக்கம் கன்னடம், வலப்பக்கம் தமிழ். அவர் எழுத்து ஜிலேபி பிழிந்த மாதிரி அழகாக இருக்கும். இரண்டு பக்கமும் ஒரே செய்திதான் என்பதால் தமிழை வைத்துக் கன்னடத்தைப் படித்துப் பழகினேன். இன்றைக்கு என் பிழைப்புக்கு ஆதாரமாக இருக்கிற கன்னடம் அந்தச் சுவரில் கற்றதுதான். இதை நான் நன்றியோடு சொல்கிறேன்.

1991 டிசம்பர் வேறு மாதிரி. காவிரி இடைக்காலத் தீர்ப்பு அரசிதழில் வந்ததை அடுத்து ஊர் எரிந்தது. எங்கள் சந்தில் இரண்டு வீடு இரவோடு இரவாக ஊருக்குப் போய்விட்டது. தம்பி அப்போது நாலாம் வகுப்பு. பள்ளி மூடியிருந்தது, பலகையில் பழைய செய்தி அப்படியே இருந்தது. ஊரடங்கு தளர்ந்த அன்று மத்தியானம் கன்னட மாஸ்டர் எங்கள் முற்றத்தில் வந்து நின்றார். கையில் வருகைப் பதிவேடு. பலகையில் எழுதினால் படிக்க யாரும் வெளியே வர மாட்டார்கள் என்று வீடு வீடாக வந்திருந்தார். எந்தப் பிள்ளை இருக்கிறது, எந்தப் பிள்ளை ஊருக்குப் போயிற்று என்று பெயர் பெயராகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். எந்த நாளில் பள்ளி திறக்கும் என்பதைத் தமிழில் சொன்னார். ஒன்பது வருஷத்தில் அவர் தமிழ் பேசி நாங்கள் கேட்டது அன்றுதான். அம்மா அவருக்குக் காபி கொடுத்தாள். நின்றுகொண்டே குடித்துவிட்டு அடுத்த சந்துக்குப் போனார்.

ஏரிக்கரையில் அதே வருஷம் வைத்த திருவள்ளுவர் சிலை திறக்கப்படாமல் மூடியே கிடந்தது. 2009 ஆகஸ்ட் 9 அன்று கருணாநிதியும் எடியூரப்பாவும் சேர்ந்து திறக்கிற வரைக்கும் 18 வருஷம். நாலு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலையைத் திறந்தார்கள். அந்த 18 வருஷத்தில் எங்கள் பள்ளியில் தமிழ் வகுப்புகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. பிள்ளைகளை இங்கிலீஷ் பள்ளிக்கு மாற்றியவர்களில் என் தம்பியும் ஒருவன், நானும் ஒருத்தி. யாரைக் குறை சொல்வது? 2001இல் அரசு தன் பள்ளிகளிலெல்லாம் பெற்றோரைக் கொண்டு வளர்ச்சி மேற்பார்வைக் குழு அமைத்தது. இப்போது கூட்டச் செய்தி வாட்ஸாப்பில் வந்துவிடுகிறதாம். மழையில் கரையாது. அது நல்லதுதான். ஆனால் பால்காரர் நின்று படிக்க மாட்டார்.

2023 மே 10, சட்டமன்றத் தேர்தல். அம்மாவுக்கு வாக்குச்சாவடி அதே பள்ளி. நான் மெட்ரோவில் அல்சூர் ஸ்டேஷனில் இறங்கி, அவளைக் கைப்பிடித்து அழைத்துப் போனேன். கோடை ரஜா, பிள்ளைகள் இல்லை. புங்கமரம் இருக்கிறது. கேட்டுக்கு வலப்புறம் சுவர் முழுக்க மஞ்சள் பெயின்ட். உற்றுப் பார்த்தால் பலகையின் சதுர விளிம்பு தெரிகிறது. அதன்மேல் வாக்காளர் அறிவிப்பைக் கன்னடத்தில் ஒட்டியிருந்தார்கள். அம்மா அதன் முன்னால் நின்றாள்.

"இன்னாடி எழுதிருக்கு?"

படித்துச் சொன்னேன். வாக்குச்சாவடி எண், நேரம், கொண்டுவர வேண்டிய அடையாள அட்டை. தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

சாவடி பழைய நாலாம் வகுப்பு அறையில். மேசைக்குப் பின்னால் இருந்த பையன் அவள் நரையையும் நடுங்கும் கையையும் பார்த்து, மை ஒற்றும் பெட்டியை அவள் பக்கம் தள்ளி, கட்டை விரலைக் காட்டினான். அம்மா பெட்டியைத் திரும்ப அவன் பக்கம் தள்ளிவிட்டு, பேனாவுக்குக் கை நீட்டினாள். அவன் பதிவேட்டைத் திருப்பி வைத்துப் பக்கம் பறக்காமல் அழுத்திப் பிடித்துக்கொண்டான். பின்னால் வரிசை வெயிலில் நின்றது. அம்மா முதல் எழுத்தைச் சட்டென்று எழுதினாள். 'ஞ்' வந்ததும் பேனாவை ஒரு கணம் தூக்கிப் பிடித்து, பிறகு சுழித்து, வளைத்து, திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பி, மேலே புள்ளி வைத்தாள்.