காப்பிக்கொட்டையும் காணாமற்போன ஆடும்

நலவாழ்வுப் புள்ளியியல் பயிலும் நம் பல்கலைக்கழக மாணவர் 20 பேருடன் ஏற்காட்டிற்குத் தியானத்திற்காகச் சென்றிருந்தோம். தியானம் முடிந்த பிற்பகலில், வகுப்பறையில் எத்தனை முறை விளக்கியும் அவர்கள் மனத்தில் பதியாத பாடமொன்று நினைவுக்கு வந்தது. 1820-களில் சேலம் ஆட்சியர் காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் கொணர்ந்த காப்பியே அன்று நமக்குக் கைகொடுத்தது.

1,000 காப்பிக்கொட்டைகளை எண்ணிக் கூடையிலிட்டு, அவற்றுள் 10-க்கு மட்டும் சிவப்புச் சாயம் தீட்டினோம். கொட்டை ஒவ்வொன்றும் ஒரு மனிதர்; சிவப்பு நிறத்தவர் நோயாளர். தலைக்கு 50 எனப் பிரித்துக்கொண்ட மாணவர், கொட்டை ஒவ்வொன்றுக்கும் 10 சீட்டுகளைக் குலுக்கி ஒன்றை எடுத்தனர். ஒன்பதில் ‘சரி’, ஒன்றில் ‘பிழை’. பத்தில் ஒருமுறை தவறும் மருத்துவப் பரிசோதனைக்கு அதுவே பாவனை. கணினி இதை நொடியில் முடித்துவிடும். ஆயினும் கணினி தோன்றுமுன்பே, ‘ஸ்டூடண்ட்’ என்ற புனைபெயரில் எழுதிய கோசெட், 3,000 பேரின் உடலளவுகளை அட்டைகளில் எழுதிக் கலைத்து, நான்கு நான்காக எடுத்துத் தம் கணக்கைச் சோதித்து 1908-இல் வெளியிட்டார்.

“நோய் உண்டெனப் பரிசோதனை கூறுவோருள் எத்தனை பேர் உண்மையில் நோயாளர்?” என்று முன்னரே கேட்டிருந்தோம். “பத்தில் ஒன்பது பேர்” என்றனர் அனைவரும். மாலையில் கூட்டிப் பார்த்தபோது, நோய் உண்டெனப்பட்டவர் 103 பேர். அவர்களுள் சிவப்பு நிறத்தவரோ 8 பேரே! நோய் அரிதாயிருக்கும் கூட்டத்தில், நலமுள்ளோரின் பெருந்தொகையே பிழைகளையும் பெருக்கிவிடுகிறது. நோய்க்குறி கண்டு வருவோரிடம் அதே பரிசோதனை இன்னும் நம்பத்தக்கதாகும். ஆகவே முதற்பரிசோதனை தீர்ப்பன்று, மறுபரிசோதனைக்கான அழைப்பே.

“ஐயா, இந்த 95 பேரும் இன்றிரவு உறங்குவார்களா?” என்றான் ஒருவன். மாணவி ஒருத்தி, தவறவிடப்பட்ட இரு சிவப்புக் கொட்டைகளை உள்ளங்கையில் வைத்து, “இவர்களை நலமென்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டோமே!” என்றாள். இப்பாடத்தைப் பல்லாண்டுகளாகக் கரும்பலகையில் சூத்திரமாகவே எழுதிவந்த நாம், இவ்விரு கேள்விகளையும் ஒருநாளும் கேட்டதில்லை. நாணித் தலைகுனிந்தோம்.

லூக்கா நற்செய்தியின் 15-ஆம் அதிகாரம் அன்றிரவு புதிதாய் ஒலித்தது. நூறு ஆடுகளையும் எண்ணிப் பார்த்ததாலன்றோ ஒன்று குறைந்ததை ஆயர் அறிந்தார்? அறிந்தபின் எண்ணிக்கையோடு அவர் நின்றுவிடவில்லை. எண்ணுதல் அன்பின் தொடக்கம். தேடிச் செல்லுதலே அதன் நிறைவு.