கொழுகொம்பு

முல்லைக்கொடிக்குத் தன் தேரை ஈந்த பாரியின் கதையை மாணவர் பலரும் அறிந்திருப்பர். அக்கொடிக்கு வேர் இருந்தது. வளரும் ஆற்றலும் இருந்தது. பற்றிப் படர ஒரு கொம்புதான் இல்லை. நம் நாட்டின் சிற்றூர்களில் வாழும் ஏழை இளைஞர் பலரின் நிலையும் அதுவே. அவர்களிடம் உழைக்க உடல் வலிமை உண்டு. கற்க ஆர்வமும் உண்டு. தொழில் கற்பிப்பவரும், கற்றபின் துணைநிற்பவரும் இல்லை.

பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்திய ஓர் இளைஞனை எண்ணிப் பாருங்கள். விதைப்பின்போதும் அறுவடையின்போதும் அவனுக்குக் கூலி வேலை கிடைக்கும். எஞ்சிய நாள்களில் ஊர் அரசமரத்தடியில் அமர்ந்திருப்பான். ஊரார் அவனைச் சோம்பேறி என்பர். மின்மோட்டார் பழுதுபார்க்கக் கற்க வேண்டும் என்பது அவன் ஆசை. கட்டணம் செலுத்த வீட்டில் பணம் இல்லை. கடன் கேட்டு வங்கிப் படியேறினால், பிணையாக வைக்க நிலம் இல்லை; தொழில் தெரியும் என்பதற்குச் சான்றும் இல்லை. தொழில் தெரியாததால் கடன் கிட்டவில்லை. பணம் இல்லாததால் தொழில் கற்க இயலவில்லை. இச்சுழலிலிருந்து அவன் எவ்வாறு கரையேறுவான்?

இவ்வினாவிற்கு விடைகாணும் முயற்சி ஒன்று 1982ஆம் ஆண்டு கர்நாடகத்தில் தொடங்கியது. தென்கன்னட மாவட்டத்தில், தர்மஸ்தலத்திற்கு அருகே உள்ள ஊர் உஜிரே. தர்மஸ்தல மஞ்சுநாதேஸ்வரா கல்வி அறக்கட்டளையும் சிண்டிகேட் வங்கியும் கனரா வங்கியும் இணைந்து அங்கே ஒரு சுயதொழில் பயிற்சி நிறுவனத்தை அமைத்தன. தர்மஸ்தலத்தின் தர்மாதிகாரி வீரேந்திர ஹெக்கடே இம்முயற்சிக்கு முன்னின்றார். ‘ருட்செட்டி’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்நிறுவனத்தில் பயிற்சி, உணவு, உறைவிடம் ஆகிய யாவும் கட்டணமின்றி வழங்கப்பட்டன. தையல், கால்நடை வளர்ப்பு, மின்மோட்டார் பழுதுநீக்கல் எனப் பல தொழில்கள் கற்பிக்கப்பட்டன.

‘இலவசம்’ என்னும் சொல்லை இங்கே சற்று ஆழ்ந்து நோக்க வேண்டும். அன்றாடக் கூலியில் உலை கொதிக்கும் குடும்பத்தில், மகன் முப்பது நாள் பயிற்சிக்குச் சென்றால் முப்பது நாள் கூலி குறையும். கட்டணமில்லாப் பயிற்சிக்கும் அக்குடும்பம் ஒரு விலை கொடுக்கிறது. மகளாயின் தடை இன்னும் மிகுதி. வெளியூரில் தங்கிப் பயிலப் பெற்றோர் இசைய வேண்டும். பயிற்சி சில வாரங்களில் நிறைவுறுவதும், பாதுகாப்பான உறைவிடம் அங்கேயே அமைவதும் இத்தடைகளைக் குறைக்கின்றன.

கைத்திறன் மட்டும் போதாது, துணிவும் வேண்டும். தொழில்முனைவோர் பயிற்சிகளில் வளையம் எறியும் விளையாட்டு ஒன்று உண்டு. நட்டுவைத்த கோலில் வளையம் விழுமாறு எறிய வேண்டும். எவ்வளவு தொலைவில் நின்று எறிவது என்பதை எறிபவரே முடிவு செய்வார். மிக அருகில் நிற்பவர் எளிதில் வெல்வார். ஆனால் அவ்வெற்றிக்கு மதிப்பு குறைவு. மிகத் தொலைவில் நிற்பவர் தம் திறமையை நம்பாமல் அதிர்ஷ்டத்தை நம்புகிறார். தம் ஆற்றலை அளந்தறிந்து இடையில் நிற்பவரே சிறந்த முனைவோர். எவ்வளவு கடன் பெறலாம், எவ்வளவு பெரிய கடை திறக்கலாம் என்று முடிவு செய்யும் நாளிலும் இவ்வளவறிதல் கைகொடுக்கும்.

பயிற்சி முடிந்ததும் நிறுவனத்தின் கடமை முடிந்துவிடுவதில்லை. அதன்பின்னும் இரண்டு ஆண்டுகள் பயிற்சி பெற்றவரோடு தொடர்பில் இருந்து, வங்கிக் கடன் பெற வழிகாட்டுவதும் இடர் நேரும்போது அறிவுரை கூறுவதும் அதன் பணியாகும். இத்துணையின் அருமை கடை திறந்தவருக்கே புரியும். முதல் மாதத்தில் ஒருவரும் வராத நாள்கள் உண்டு. வருகின்ற உறவினரோ கடன் சொல்லிச் செல்வர். ‘மூடிவிடலாமா?’ என்று மனம் தளரும் வேளையில், ‘கணக்கேட்டைக் காட்டுங்கள், பார்ப்போம்’ என்று கேட்க ஒருவர் வருவது பெரும் ஆறுதல்.

இம்முறையை 2009ஆம் ஆண்டு முதல் நடுவண் அரசின் ஊரக வளர்ச்சி அமைச்சகம் நாடெங்கும் கொண்டு சென்றது. மாவட்டத்திற்கு ஒரு பயிற்சி நிறுவனம் என்பது இலக்கு. அதனை நடத்தும் பொறுப்பு வங்கிகளுடையது. சுயதொழிலை விரும்பாது மாதச் சம்பள வேலையை நாடும் ஊரக இளைஞருக்காக, 2014ஆம் ஆண்டு தீனதயாள் உபாத்யாயா கிராமின் கௌசல்யா யோஜனா தொடங்கப்பட்டது.

நகரில் வேலை பெற்ற இளைஞர் சிலர் முதல் மாதத்திலேயே ஊர் திரும்புவதுண்டு. வேலை தெரியாததால் அன்று. சம்பளம் வருமுன் வாடகை கேட்கப்படுகிறது. சுற்றிலும் பேசும் மொழி புரிவதில்லை. காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துத் தர ஆளில்லை. இவ்வுண்மையை உணர்ந்தே, வேலையில் சேர்ந்தபின் சில மாதங்களுக்கு உதவித்தொகையும் தொடர்கவனிப்பும் அத்திட்டத்தில் இடம்பெற்றன.

எத்தனை பேருக்குச் சான்றிதழ் வழங்கினோம் என்று எண்ணுவது எளிது. சுவரில் தொங்கும் சான்றிதழால் மட்டும் அடுப்பு எரியாது. ஓராண்டு கழித்து எத்தனை பேர் தொழிலில் நிலைத்திருக்கின்றனர் என்று கேட்பதே சரியான அளவுகோல். நட்ட மறுநாளே பிடுங்கப்படும் கொம்பால் கொடிக்குப் பயனில்லை. கொடி பற்றிக்கொள்ளும்வரை அது நிற்க வேண்டும். அவ்வாறு வளர்ந்த ஒருவர் தம் ஊரின் மற்றோர் இளைஞருக்குத் தொழில் கற்றுத்தரும் நாளில், கொடியே கொழுகொம்பாகிறது.