உதிரிக்காக ஒரு வண்டி

கறவை வற்றிய மாட்டை விலை கொடுத்து வாங்குபவரைக் கண்டால் ஊரார் சிரிப்பார்கள். ஓடாத மோட்டார் சைக்கிளை, அதுவும் ஓட்டுவதற்கு அல்லாமல் பிரித்துப் போடுவதற்கென்றே, பன்னிரண்டாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய எங்கள் வீட்டாரைக் கண்டும் சிரித்தார்கள். என் வகுப்புத் தோழர்களின் சிரிப்பு இன்னும் ஓய்ந்தபாடில்லை. அவர்களுக்கு ஒரு விளக்கம் சொல்லிவிடலாம் என்றே இதை எழுதத் துணிந்தேன்.

என் தந்தையார் வைத்திருப்பது 1984ஆம் ஆண்டு யெஸ்டி 250. செக்கோஸ்லோவாகியாவின் ஜாவா வண்டியைத் தழுவி மைசூர் ஐடியல் ஜாவா ஆலை செய்தது. சிலிண்டர் ஒன்றுதான், புகைக்குழாய்களோ இரண்டு. கியர் போடும் நெம்புகோலையே பின்னோக்கித் திருப்பி உதைத்து வண்டியைக் கிளப்ப வேண்டும். இது தெரியாத புதியவர்கள் கிக்கரைத் தேடி வண்டியைச் சுற்றி வருவதைப் பார்ப்பது எங்கள் வீட்டில் ஒரு பொழுதுபோக்கு. அந்த ஆலை 1996இல் மூடப்பட்டது. ஜாவா என்ற பெயர் 2018இலும், யெஸ்டி என்ற பெயர் 2022இலும் மீண்டும் சாலைக்கு வந்தன என்பது உண்மையே. ஆனால் அவை நீரால் குளிரும் ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின்கள். எங்கள் டூ ஸ்ட்ரோக் கிழவருக்கும் அவற்றுக்கும் உள்ள உறவு பெயரளவில்தான்.

ஒருநாள் ஓடிக்கொண்டிருக்கும்போதே செயின் அறுந்து, முன் பல்சக்கரத்தில் சுருண்டு, எஞ்சினின் இடப்பக்க உறையை உடைத்துவிட்டது. கிராங்க் கேஸ் என்பார்களே, அதுதான். அலுமினிய வார்ப்பு. மெக்கானிக் அண்ணன் ஆர்கான் வெல்டிங் வைத்துப் பார்த்தார். மூன்றே மாதத்தில் அதே இடம் விரிசல் விட்டது. கேபிள், பிஸ்டன் ரிங், கிளட்ச் தட்டு போன்றவற்றை இன்றும் யாரோ செய்து விற்கிறார்கள். கிராங்க் கேஸ் அப்படிக் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் உடைந்த பாதியை மட்டும் மாற்ற முடியாது. இடமும் வலமும் ஒன்றாகச் சேர்த்துவைத்துத் துளையிடப்பட்ட இரட்டையர்கள். ஒன்றின் துணையை மற்றொன்றோடு பொருத்தினால் பேரிங்குகள் நேர்கோட்டில் உட்காரா.

ஒரு நகரத்தின் பழைய சாமான் கடைவீதியில் தேடினோம். ஜோடியாகவே ஒன்று கிடைத்தது. விலையும் குறைவு. ஆனால் எஞ்சின் எண் இருக்க வேண்டிய இடத்தை அரம் போட்டு ராவியிருந்தார்கள். பிஸ்டன் மாற்றினால் யாரும் கேட்கப்போவதில்லை. கிராங்க் கேஸ் மாற்றினாலோ வண்டியின் எண்ணே மாறிவிடுகிறது. மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவுப்படி, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரம் மாறும்படி வண்டியில் கைவைத்தால் பதிவு அலுவலகத்தின் ஒப்புதல் வேண்டும். எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாத எஞ்சினுக்கு யார் ஒப்புதல் தருவார்? ஒரு முழு வண்டியை வாங்கினால் அதனுடன் அதன் காகிதமும் வருகிறது. பன்னிரண்டாயிரத்தில் பாதியாவது அந்தக் காகிதத்தின் விலை என்பது என் கணக்கு.

நாங்கள் வாங்கிய வண்டி ஒரு கிராமத்தில் புளியமரத்தடியில் நின்றது. உரியவர் இறந்து மூன்று மழைக்காலம் கடந்திருந்தது. டாங்கின் அடிப்பகுதியைத் துரு தின்றிருந்தது, பிஸ்டன் இறுகிவிட்டது. கிராங்க் கேஸில் மட்டும் ஒரு கீறல் இல்லை. பழைய இரும்புக்காரர் நாலாயிரத்துக்குக் கேட்டிருந்தாராம்.

விலை முடிந்த பிறகு அந்த அம்மா கேட்டார்: “ஓட்டத்தானே வாங்குறீங்க?”

மெக்கானிக் அண்ணன் மரத்தைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். என் தந்தையார், “இல்லீங்கம்மா, பிரிக்கத்தான். என் வண்டிக்கு எஞ்சின் வேணும்” என்றார்.

அம்மா ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார். “சொல்லாமலே இருந்திருக்கலாம் சார்” என்று முணுமுணுத்தார் அண்ணன். சற்று நேரத்தில் அந்த அம்மா ஆர்.சி. புத்தகத்தோடு ஒரு பிஸ்கட் டின்னையும் கொண்டுவந்து திண்ணையில் வைத்தார். “அப்படின்னா இதையும் எடுத்துக்கிட்டுப் போங்க. அவர் சேத்து வச்சது. எது எதுக்குன்னு எனக்குத் தெரியாது” என்றார். டின்னுக்குள் எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய பாயிண்ட் செட் இரண்டு, ஆயில் சீல்கள், ஒரு ஸ்பார்க் பிளக், பிரிக்கப்படாத ரிங் செட் ஒன்று. அண்ணன் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துத் திரும்ப அதே காகிதத்தில் சுற்றி வைத்தார்.

உடனே வண்டியை ஏற்றிவர முடியவில்லை. உரிமையாளர் இறந்துவிட்டால் முதலில் 31ஆம் எண் படிவத்தில் வாரிசின் பெயருக்கு மாற்ற வேண்டும். பிறகுதான் விற்க முடியும். அலுவலகத்துக்கு நான்கு முறை நடந்தோம். முப்பது ஆண்டுக்கும் மேலாக அந்த வாசலில் நின்ற வண்டி, விற்பதற்காகவே அந்த அம்மாவின் பெயருக்கு வந்தது. புத்தகத்தில் தம் பெயரைப் படித்துக் காட்டச் சொல்லி, ஒரு நகல் கேட்டு வாங்கிக்கொண்டார்.

பிரிக்கும் வேலை ஐந்து ஞாயிற்றுக்கிழமைகளை விழுங்கியது. பிளக் துளை வழியாக டீசல் ஊற்றி இரண்டு நாள் ஊறவைத்த பிறகே பிஸ்டன் அசைந்தது. கிராங்க் கேஸ் போக, வேறு என்ன கிடைத்தது என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்: எந்தக் கடையிலும் பெயர் சொல்லிக் கேட்க முடியாத பொருள்கள். கியர் பெட்டிக்குள் இருக்கும் ஒரு மெல்லிய வாஷர், பிரேக் ஸ்பிரிங், செயின் மூடியின் ரப்பர், அச்சில் இடைவெளி காக்கும் சிறு குழாய். எங்கள் வண்டியில் இவற்றுள் சில பல ஆண்டுகளாகவே இல்லை என்பது பிரித்தபோதுதான் தெரிந்தது. ஒவ்வொன்றையும் கழற்றிய வரிசையில் பழைய நாளிதழின் மேல் பரப்பி, பென்சிலால் எண் போட்டேன். இயற்பியல் செய்முறைத் தேர்வில்கூட நான் இவ்வளவு ஒழுங்காக இருந்ததில்லை.

பயன்படாதது என்று ஆகிவிட்ட வண்டியைப் பற்றி 55ஆம் பிரிவின்படி தெரிவித்துப் பதிவை நீக்க வேண்டும். அதையும் எழுதிக் கொடுத்துவிட்டோம். எங்கள் வண்டியின் எஞ்சின் மாற்றத்துக்கும் விண்ணப்பம் போட்டாயிற்று. ஆய்வாளர் எண்ணை நேரில் பார்க்க வேண்டுமாம். வரும் செவ்வாயன்று வண்டியைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். ஒப்புதல் வராமல் சாலையில் ஓட்டக் கூடாது என்பதால் மினி லாரிக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். வாடகை எண்ணூறு ரூபாய்.