கணக்கில் வராத மாணவி

மார்ச் 4, 2024, திங்கள்

வகுப்புகள் இன்று தொடங்கின. தென்கொரியாவின் பூசான் தேசியப் பல்கலைக்கழகம் கும்ஜொங் மலையடியில் ஆரம்பித்து மலைமேலேயே ஏறிப் போகிறது. எந்தத் துறைக்குப் போனாலும் ஏற்றம்தான்.

நகரச் சமூகவியல் வகுப்பில் இடம் பிடிக்க இங்குள்ளவர்கள் பட்ட பாடு பெரிது. பாடப்பதிவு பிப்ரவரியில் குறித்த நிமிடத்தில் திறக்கும். பேர்பெற்ற வகுப்புகள் நொடிகளில் நிரம்பிவிடும். வீட்டு இணையத்தை நம்பாமல், ‘பிசி பாங்’ எனப்படும் கணினி விளையாட்டு மையங்களில் போய் உட்கார்ந்து பதிகிறவர்கள் உண்டு. பரிமாற்ற மாணவியான எனக்கோ பல்கலைக்கழக அலுவலகமே பெயரைச் சேர்த்துவிட்டது.

பேராசிரியர் மதிப்பீட்டு முறையை விளக்கினார். கொரியாவில் பல பாடங்களுக்கு ஒப்பீட்டு மதிப்பீடு. எல்லோரும் நன்றாக எழுதினாலும் வகுப்பில் ஒரு பங்கினருக்கு மேல் ‘ஏ’ கிடைக்காது. ஒருவர் ஏறினால் இன்னொருவர் இறங்கியாக வேண்டும். சொல்லிவிட்டு எங்கள் பக்கம் திரும்பி, “பரிமாற்ற மாணவர்கள் இந்தக் கணக்கில் இல்லை, நிம்மதியாகப் படியுங்கள்” என்றார். சென்னையில் என் கல்லூரியும் தேர்ச்சி பெற்றேனா என்று மட்டும்தான் பார்க்கும். ஆக, இந்த செமஸ்டர் முழுக்க நான் விருந்தாளி.

மார்ச் 13, புதன்

குழு அமைந்தது. செமஸ்டர் இறுதியில் சேர்ந்து ஓர் ஆய்வு சமர்ப்பிக்க வேண்டும். காகாவோ டாக் செயலியில் உடனே ஓர் அரட்டைக் குழு. அதற்கும் முன்னால் வயது விசாரணை. 2023 ஜூனில் சட்டம் மாறி, பிறந்தவுடன் ஒரு வயது என்கிற பழைய கணக்கு அரசுத் தாள்களிலிருந்து போய்விட்டது. ஆனால் வகுப்பறைக்கு வேண்டியது பிறந்த ஆண்டு. யார் யாரிடம் மரியாதையாகப் பேச வேண்டும் என்பது அதில்தான் முடிவாகிறது. ‘நீ’, ‘நீங்க’ பார்த்துப் பேசி வளர்ந்தவளுக்கு இதில் வியப்பொன்றும் இல்லை.

மூத்தவர், ராணுவத்தில் 18 மாதக் கட்டாயப் பணியை முடித்துப் படிப்புக்குத் திரும்பியவர். அடுத்தவள் கடைசி ஆண்டு. வேலை விண்ணப்பத்துக்கு மதிப்பெண், டோயிக் ஆங்கிலத் தேர்வு, இன்டர்ன்ஷிப் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறாள். ஜின்ஜு நகரிலிருந்து வந்த சின்னவள் உதவித்தொகையில் படிக்கிறாள். சராசரி இறங்கினால் அது நின்றுபோகும்.

எனக்கு ஒதுக்கிய வேலை, ஸ்லைடுகளின் ஆங்கிலத்தைச் சரிபார்ப்பது. “உங்களுக்கு எதற்குச் சிரமம்?” என்றார் மூத்தவர். களப்பணியிலும் எனக்குப் பங்கு வேண்டும் என்றேன். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் அரைகுறையாகச் செய்தால் எனக்கு ஒன்றும் ஆகாது, அவர்களுக்கு ஆகும். அவர்கள் தயங்கியதில் நியாயம் இருந்தது.

மார்ச் 30, சனி

ஒன்சொன் ஓடைக்கரை முழுக்கச் செர்ரி பூத்திருக்கிறது. ஊரே அங்கே படம் எடுத்துக்கொண்டிருக்க, நாங்கள் மெட்ரோ பிடித்து ஜகல்ச்சியில் இறங்கி, போசு-தொங் பழைய புத்தகச் சந்துக்குப் போனோம். எங்கள் ஆய்வுப் பொருள் அதுதான்.

கொரியப் போரின்போது பூசான் இடைக்காலத் தலைநகர். வடக்கிலிருந்து தப்பி வந்த ஒரு தம்பதி, அமெரிக்க முகாம்களிலிருந்து வெளிவந்த பழைய பத்திரிகைகளை இங்கே தெருவோரம் பரப்பி விற்றார்கள். சந்தின் தொடக்கம் அதுதான் என்கிறார்கள். மனிதர்களோடு கல்லூரிகளும் அகதிகளாக வந்தன. சியோலின் யொன்செ பல்கலைக்கழகம் யொங்தோ தீவிலும், இஹ்வா மகளிர் பல்கலைக்கழகம் புமின்-தொங்கிலும் கூடாரமும் பலகைக் கொட்டகையுமாக வகுப்பு நடத்தின. 1951இல் போர்க்காலக் கூட்டுப் பல்கலைக்கழகம் என்று ஓர் ஏற்பாடும் இருந்தது. சொந்தக் கல்லூரியைப் பறிகொடுத்தவர்கள் அதில் பாடம் கேட்டு, தங்கள் படிப்பில் சேர்த்துக்கொள்ளலாம். வேறு கல்லூரியில் படித்துவிட்டுத் தன் கல்லூரிக் கணக்கில் எழுதிக்கொள்வதுதானே நான் இங்கே வந்திருக்கிற திட்டமும்? அவர்கள் விரும்பி வரவில்லை என்பது மட்டும்தான் வித்தியாசம்.

அந்த மாணவர்கள் மலைச்சரிவு வகுப்புகளுக்கு இந்தச் சந்து வழியாகப் போனார்கள். காசு இருந்தால் புத்தகம் வாங்கினார்கள், முடை வந்தால் அதையே விற்றார்கள். சென்னை சென்ட்ரல் பக்கத்து மூர் மார்க்கெட் கடைகளில் பழைய பாடப்புத்தகத்தைப் பேரம் பேசி வாங்கியவளுக்கு இந்த வாசனை தெரியும். இப்போது பல கடைகள் மூடிக் கிடக்கின்றன.

சென்னை இன்கோ மையத்தில் படித்த கொரிய மொழி, பூசான் பெரியவர்களின் வேகத்துக்கும் வட்டார வழக்குக்கும் ஈடுகொடுக்கவில்லை. கேள்வியை நான் கேட்டேன், பதிலை ஜின்ஜுப் பெண் குறித்துக்கொண்டாள். வெளிநாட்டுக்காரி கேட்கிறாள் என்பதற்காகவே ஒரு கடைக்காரர் உட்கார வைத்துப் பேசினார். உள்ளூர்க்காரர்களுக்குக் கிடைக்காத பதில்கள் சில விருந்தாளிக்குக் கிடைக்கும்.

ஏப்ரல் 19, வெள்ளி

அடுத்த வாரம் இடைத்தேர்வு. நூலக வாசிப்பறையில் இருக்கைக்குப் போட்டி. காபிக்கடை மேசைகளில் மடிக்கணினியை அப்படியே வைத்துவிட்டுச் சாப்பிடப் போகிறார்கள், யாரும் தொடுவதில்லை.

காலையில் ஆயிரம் வொன் சிற்றுண்டிக்கு வரிசையில் நின்றோம். மாணவர் ஆயிரம் வொன் கொடுத்தால் போதும், மீதியை அரசும் பல்கலைக்கழகமும் ஏற்கும். 2017இல் வேளாண் அமைச்சகம் தொடங்கிய திட்டம். அரிசி நுகர்வைக் கூட்டுவதும் அதன் நோக்கங்களில் ஒன்று. நம் காசில் அறுபது ரூபாய்ச் சொச்சத்துக்குச் சோறு, சூப், கிம்ச்சி.

1960இல் இதே தேதியில் மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். ஒரு வாரத்தில் அதிபர் சிங்மன் ரீ பதவி விலகினார். அதைப் பற்றி மூத்தவரிடம் கேட்டேன். “இன்று தெருவில் இறங்கினால் வருகைப்பதிவு போய்விடும்” என்று சொல்லிவிட்டு மறுபடி குறிப்பேட்டில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். வேடிக்கையாகச் சொன்னாரா என்று முகத்தைப் பார்த்தேன், சிரிக்கவில்லை.

மே 15, புதன்

இந்த ஆண்டு ஆசிரியர் தினமும் புத்தர் பிறந்தநாளும் ஒன்றாக வந்தன. பேராசிரியருக்கு ஒரு காபி வாங்கிக் கொடுக்கலாமா என்று அரட்டைக் குழுவில் கேட்டேன். மூன்று பேரும் ஒரே நேரத்தில் “கூடாது!” 2016இல் வந்த லஞ்ச ஒழிப்புச் சட்டப்படி, மதிப்பெண் போடுகிறவருக்கு மாணவர் சிறு பரிசும் தரக்கூடாதாம். நான்தான் மதிப்பெண் கணக்கிலேயே இல்லையே என்றேன். சட்டத்தின் கணக்கில் இருக்கிறாய் என்று பதில் வந்தது. எங்காவது ஒரு கணக்கில் சேர்த்தார்களே!

மாலையில் பொமொசா கோயிலுக்குப் போனோம். 678இல் தோன்றியது என்கிறார்கள். முற்றம் முழுக்கக் காகித விளக்குகள், வந்தவர்க்கெல்லாம் பிபிம்பாப். கைவசம் இருந்த ஊறுகாயைப் பிசைந்து சாப்பிட்டேன். ஜின்ஜுப் பெண்ணும் ஒரு கரண்டி கேட்டாள்.

ஜூன் 6, வியாழன்

நாட்டுக்காக உயிர்நீத்தவர்களின் நினைவு நாள். காலை 10 மணிக்கு நாடெங்கும் சங்கு ஒலிக்கும், ஒரு நிமிடம் மௌனம். நாங்கள் ஸ்லைடு வேலையை நிறுத்திவிட்டு எழுந்து நின்றோம்.

பிறகு அவர்களுக்கு நான் ஒரு தகவல் சொன்னேன். கொரியப் போருக்கு இந்தியா சண்டைப் படை அனுப்பவில்லை, ஒரு மருத்துவப் பிரிவை அனுப்பியது. 1950 நவம்பரில் இதே பூசான் துறைமுகத்தில் வந்திறங்கிய 60ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவு. தலைவர் லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ். போர்முனையில் காயம்பட்டவர்களோடு, தேகுவில் பொதுமக்களுக்கும் அந்தப் பிரிவினர் வைத்தியம் பார்த்தார்கள். மூவருக்கும் இது புதுச்செய்தி. மூத்தவர் உடனே ‘பூசானுக்கு வந்தவர்கள்’ என்ற ஸ்லைடில் ஒரு வரி சேர்த்தார். பிறருடைய போரில் காயத்துக்குக் கட்டுப்போட வந்தவர்களும் இந்த ஊருக்கு விருந்தாளிகள்தான். ஆனால் கைகட்டி உட்கார்ந்திருக்கவில்லை.

ஜூன் 12, புதன்

ஆய்வைச் சமர்ப்பித்தோம். கடைக்காரர்கள் பகுதியை நான் கொரிய மொழியில் பேசினேன், வேண்டுமென்றே. கேள்வி நேரத்தில் வாடகை பற்றி யாரோ மடக்க, கடைசி ஆண்டுக்காரி சமாளித்தாள். பிறகு நால்வரும் கோழி வறுவல் கடைக்குப் போனோம். மூத்தவர்தான் பணம் கொடுப்பேன் என்று பிடிவாதம் பிடித்தார். பிறந்த ஆண்டைக் கேட்டதில் இப்படியும் ஒரு லாபம்.

ஜூன் 27, வியாழன்

மதிப்பெண் வந்தது. எனக்கு ‘ஏ பிளஸ்’. ஜின்ஜுப் பெண்ணுக்கு ‘பி பிளஸ்’. ஆய்வுக்கு எல்லோருக்கும் ஒரே மதிப்பெண்தான். இறுதித் தேர்வில் அவள் ‘ஏ’ கோட்டுக்குச் சற்றுக் கீழே நின்றுவிட்டாள். மறுபரிசீலனை கேட்கச் சில நாள் அவகாசம் உண்டு. அவள் கேட்டாள், பேராசிரியர் விடைத்தாளைக் காட்டினார், மாற்றமில்லை. என் ‘ஏ பிளஸ்’ அவளிடமிருந்து பறித்ததில்லை என்பது உண்மைதான். ஆனால் எனக்கு அது எதற்கும் உதவாது, அவளுக்கு உதவியிருக்கும். “நல்ல வேளை, உதவித்தொகைக்கு இது போதும்” என்று அவளே எனக்கு ஆறுதல் சொன்னாள்.

அடுத்த ஆண்டு வரப்போகும் ஜூனியர் ஒருத்தி, எந்தப் பாடங்கள் சுலபம் என்று வாட்ஸாப்பில் கேட்டிருந்தாள். பரிமாற்ற மாணவர்களே நிறைந்த வகுப்புகள் சுலபம், அதில் சந்தேகமில்லை. அவற்றில் சேர்ந்தால் நண்பர்கள் கிடைப்பார்கள், ஊர் சுற்றலாம், கொரியாவைப் பார்க்கலாம். கொரியர்கள் எதற்கு அஞ்சிப் படிக்கிறார்கள் என்பது மட்டும் தெரியாது. அதனால் இப்படிப் பதில் போட்டேன்: “நீ சொதப்பினால் இன்னொருவருக்கு நஷ்டம் வரும்படியான பாடம் ஒன்றாவது எடு. அந்த ஒன்றுக்காக ஒழுங்காக உழை. மற்றதெல்லாம் உன் இஷ்டம்.”