வரவில்லை என்ற குறிப்பு

போன ஆவணியில் திண்டிவனத்தில் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம். நானும் மனைவியும் எங்கள் பழைய பெட்ரோல் காரில் போய்விட்டுப் புதுச்சேரிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். கிளியனூர் தாண்டி ஒரு மரத்தடியில் இளநீருக்காக நிறுத்தினேன். பத்து நிமிஷம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. நாலைந்து தடவை நீளமாகச் சுற்றிய பிறகுதான் உயிர் வந்தது. டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. வீடு வரும்வரை வேறு தொந்தரவு இல்லை.

மறுநாள் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். ஸ்கேனரைச் செருகினார்கள். பி0340 என்று ஒரு எண் வந்தது. "கேம்ஷாஃப்ட் சென்சார் போயிடுச்சு சார், மாத்திடலாம்" என்றார்கள். மாற்றினார்கள். கூலியோடு 2,400 ரூபாய். ஒன்பது நாள் நன்றாக ஓடியது. பத்தாம் நாள் உச்சி வெயிலில் கடைத்தெருவில் பழையபடி மக்கர். அதே எண். இந்த முறை, "டைமிங் செயின் தளர்ந்திருக்கும், எஞ்சினைப் பிரிக்கணும், முப்பதாயிரம் வரைக்கும் ஆகலாம்" என்றார்கள். பென்ஷன்காரனுக்கு முப்பதாயிரம் சும்மாவா? யோசித்துச் சொல்கிறேன் என்று வண்டியை எடுத்து வந்துவிட்டேன்.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது இதைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். அறிவியல் வாத்தியார் கரும்பலகையில் எஞ்சின் படம் போட்டு, எங்களைப் பாட்டு மாதிரி சொல்லவைப்பார்: அத்மிசியோன், கொம்ப்ரெசியோன், எக்ஸ்ப்ளோசியோன், எஷாப்மான். காற்றும் பெட்ரோலும் உள்ளே வருவது, அமுக்குவது, வெடிப்பது, புகை வெளியேறுவது. இந்த நான்கும் முடிவதற்குள் பிஸ்டன் இரண்டு தடவை மேலே வருகிறது: அமுக்கும்போது ஒரு தடவை, புகையைத் தள்ளும்போது ஒரு தடவை. கீழே இருக்கும் கிராங்க்‌ஷாஃப்டைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். அது இரண்டு சுற்று சுற்றும்போது மேலே இருக்கும் கேம்ஷாஃப்ட் ஒரு சுற்றுதான் சுற்றும். அதனால் பிஸ்டன் எந்த வேலையாக மேலே வந்திருக்கிறது என்று சொல்லக்கூடியது கேம்ஷாஃப்ட்தான். பிரெஞ்சில் அதற்குப் பெயர் அர்ப்ர் அ காம். அர்ப்ர் என்றால் மரம். இரும்புத் தண்டை ஏன் மரம் என்கிறார்கள் என்று கேட்டு அன்றைக்குத் திட்டு வாங்கினேன்.

எங்கள் காலத்து வாத்தியார் சொல்லித் தராத பகுதியை, நெல்லித்தோப்புப் பக்கம் சின்னதாக ஷெட் வைத்திருக்கும் ஒரு மெக்கானிக் சொல்லித் தந்தார். நாற்பது வயசு இருக்கும். வண்டியைத் திறப்பதற்கு முன்னால் என்னை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்துக் கேள்வி கேட்டார். காலையில் முதல் தடவை கிளப்பும்போது வருதா, சூடேறின பிறகு வருதா? ஓடும்போது அணையுதா, நிறுத்திக் கிளப்பும்போதா?

"சூடான பிறகு, நிறுத்திக் கிளப்பும்போதுதான் தம்பி" என்றேன்.

"ஐயா, அந்த நம்பர் சென்சார் கெட்டதுன்னு சொல்லல. கேம்லேருந்து சிக்னல் சரியா வரலன்னு மட்டும்தான் கம்ப்யூட்டர் எழுதி வச்சிருக்கு. அனுப்பலையா, வழியில தொலஞ்சிதா, அது நாமதான் பாக்கணும்."

செயின் தளர்ந்திருந்தால் பெரும்பாலும் 0016 என்ற வேறு எண் வரும் என்றார். கிராங்கிலிருந்தும் கேமிலிருந்தும் தகவல் வந்துவிட்டது, ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்பது அதற்கு அர்த்தம். வரவேயில்லை என்பதும், வந்தது ஒத்துப்போகவில்லை என்பதும் வேறு வேறு புகார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் கோப்பு பார்த்தவனுக்கு அது உடனே புரிந்தது.

பிறகு மல்டிமீட்டரை எடுத்தார். என் காரில் அந்த சென்சாருக்கு மூன்று ஒயர். ஒன்றில் கரண்ட் வரும், ஒன்று எர்த், மூன்றாவது சிக்னல். சாவியை ஆன் செய்து பிளக்கைக் கழற்றி அளந்தார். கரண்ட் 5 வோல்ட் சரியாக வந்தது. எர்த் சரி. சிக்னல் ஒயரிலும் கம்ப்யூட்டர் பக்கமிருந்து 5 வோல்ட் இருந்தது. பிளக்கை மாட்டிவிட்டு எஞ்சினைக் கையால் மெதுவாகச் சுற்றினார். கேமில் உள்ள பல் சென்சாரைத் தாண்டும்போதெல்லாம் மீட்டர் 5-க்கும் பூஜ்யத்துக்கும் மாறி மாறிப் போனது. அதாவது சென்சார் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது. பழைய சென்சாரும் செய்துகொண்டுதான் இருந்திருக்கும்.

எஞ்சினை அரை மணி நேரம் ஓடவிட்டு நன்றாகச் சூடாக்கினார். பிறகு ஒயர்க் கட்டைக் கையில் பிடித்து ஒவ்வொரு சாணாக அசைத்தார். ஓர் இடத்தில் மீட்டர் பூஜ்யத்துக்கு விழுந்து அங்கேயே நின்றது. ஒயரைப் பிடித்திருக்க வேண்டிய பிளாஸ்டிக் கிளிப் உடைந்து, கட்டு ஓர் இரும்புத் தகட்டின் ஓரத்தில் சாய்ந்திருந்தது. அதிர்ந்து அதிர்ந்து மேலுறை தேய்ந்து, சிக்னல் ஒயரின் செம்பு ஊசி முனை அளவுக்கு வெளியே தெரிந்தது. சூட்டில் ஒயர் இளகி இரும்பைத் தொடும்போதெல்லாம் சென்சார் சொன்னது கம்ப்யூட்டருக்குப் போகவில்லை. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது கம்ப்யூட்டர் பழைய கணக்கை வைத்துச் சமாளித்துவிடும். அணைத்துவிட்டுக் கிளப்பினால் எந்தப் பிஸ்டன் எங்கே என்று தெரியாமல் விழிக்கும். மரத்தடியில் நடந்தது அதுதான்.

ஒயரைப் பற்றவைத்து, உறை போட்டு, புதுக் கிளிப் மாட்டினார். 600 ரூபாய் வாங்கினார். இன்றுவரை விளக்கு எரியவில்லை. உங்கள் வண்டியில் இந்த எண் வந்தால், சென்சாரை வாங்குவதற்கு முன்னால் மூன்று ஒயரையும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். குளிர்ந்திருக்கும்போது ஒரு தடவை, சூடான பிறகு ஒரு தடவை.

இதை எழுத உட்கார்ந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஸ்டூலில் உட்கார்ந்து அந்த மெக்கானிக் பேசுவதைக் கேட்டபோது எனக்கு 1983 ஞாபகம் வந்தது. ஒரு கிளை அலுவலகத்திலிருந்து ஓய்வுபெறப் போகிறவர் ஒருவரின் பென்ஷன் கடிதம் எங்கள் பிரிவுக்கு வரவேண்டும். அனுப்பிவிட்டோம் என்றார்கள். எங்களிடம் இல்லை. நான் குறிப்பு எழுதினேன்: "கடிதம் இப்பிரிவில் வரப்பெறவில்லை. தபால் கொண்டுவந்தவர் வழியில் தவறவிட்டிருக்க வேண்டும்." முதல் வரி கோப்பைப் பார்த்து எழுதியது. இரண்டாவது வரி நானாக எழுதியது. தபால் கொண்டுவந்த பியூனுக்கு மெமோ போனது. ஒரு வருஷத்துக்கு இன்க்ரிமென்ட் நிறுத்தப்பட்டது.

எட்டு மாதம் கழித்து அலமாரியை இடம் மாற்றும்போது அந்தக் கடிதம் கிடைத்தது. என் மேஜையில் முடித்து அனுப்பிய வேறொரு கோப்பின் அட்டைக்குள் சொருகியிருந்தது. உடனே குறிப்பு வைத்தேன். உத்தரவு ரத்தாகி, அவருக்கு நிலுவைப் பணமும் கிடைத்தது. ஆனால் நான் எழுதியது, "மேற்படி கடிதம் தற்போது கிடைக்கப்பெற்றது" என்று மட்டும். எங்கே கிடைத்தது என்று எழுதவில்லை. மேலதிகாரியும் கேட்கவில்லை.

பணம் கைக்கு வந்த அன்று அவர் என்னைத் தேடி வந்தார். "நீங்க எழுதினதாலதான் சார் கெடச்சிது" என்று கும்பிட்டார். நான் தலையை ஆட்டினேன். மெமோ வரக் காரணமான குறிப்பும் நான் எழுதியதுதான் என்பது அவருக்குத் தெரியுமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அவர் இறந்து பல வருஷம் ஆகிறது. அந்தக் கோப்பும் இப்போது இருக்காது. அதில் எழுதாமல் விட்ட வரியை இங்கே எழுதிவிடுகிறேன்: கடிதம் வந்திருந்தது. என் மேஜையில்தான் தொலைந்தது.