ஒரு வரி எழுதியிருக்கலாம்

2020 ஏப்ரல். ஊரடங்கில் எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுதான் ஊர்த் திண்ணை. காய்கறி வண்டி எப்போது வரும், தொற்றுக்காக எந்தத் தெருவைத் தகரம் அடித்து அடைத்தார்கள், எல்லாம் அதில்தான் தெரியும்.

கூடவே, கொரோனாவில் இறந்தவரைப் புதைத்தால் கிருமி பரவும் என்ற வதந்தியும் வந்தது. படித்துவிட்டுப் பேசாமல் இருந்தேன்.

அதே மாதம் சென்னையில், தொற்றால் இறந்த ஒரு மருத்துவரை அடக்கம் செய்யவிடாமல் ஆம்புலன்ஸைக் கல்லால் அடித்தது ஒரு கூட்டம். நள்ளிரவில் சக மருத்துவர் ஒருவரே மண்ணை அள்ளிப்போட்டுப் புதைத்தார். நினைத்தால் இன்றும் நெஞ்சு பதைக்கிறது.

அந்த வதந்தி வந்த அன்றே, "இது பொய்" என்று குழுவில் ஒரு வரி எழுதியிருக்கலாம் நான்.

நண்பர்களே, உறுதியாகத் தெரியாததைப் பகிராதீர்கள். பொய்யென்று தெரிந்தால் வாய் திறந்து சொல்லுங்கள்.